எட்டாவது சட்டை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு ரத்தக் கறையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பு வைத்துத் தேய்த்து அலசினால் தீர்ந்தது. வெந்நீர் மட்டும் படவே கூடாது. பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொண்டு ஜென்மத்துக்கும் போகாது. "அக்காகிட்ட குடுத்தா கெட்ட பேரைக்கூட வெளுத்துக் குடுத்துடும்" என்று நர்சுகள் கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

அவளுக்கென்று இருந்தது ஒரே தம்பி. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவன். பட்டப்பகலில், ஒரு வாசலில் நின்று மீட்டரைக் குறித்துக்கொண்டிருந்தவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அரைமணி நேர விசாரணை என்றார்கள். அந்த அரைமணி நேரம் இரண்டு மாதமாகியும் முடியவில்லை. வழக்கு கிடையாது, கோர்ட்டில் நிறுத்தவும் இல்லை. அவர்கள் தேடும் எவனோ ஒருவன் வீட்டுக்கு இவன் போய் வந்தானாம். மீட்டர் பார்க்கிறவன் வீடுகளுக்குப் போகாமல் வேறு எங்கே போவான்?

ஆளைப் பார்க்க விடவில்லை. சனிக்கிழமைதோறும் சிறை வாசலில் வெளுத்த சட்டையைக் கொடுத்து அழுக்குச் சட்டையை வாங்கலாம், அவ்வளவுதான். முதல் சட்டையிலேயே ரத்தம். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்மா" என்றார் வாசல் காவலர். ஏழு வாரமும் வழுக்கி விழுந்தான். அழுதுகொண்டே ஊறப்போட்டாள், அழுதுகொண்டே அலசினாள். அந்த நரகத்திலும் தம்பி வெள்ளையாக உடுத்தட்டும் என்று நினைத்தாள்.

கடைசியில் நர்சு ஒருத்தி அவளை ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பிவைத்தாள்.

"அடிக்கிறாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் அவர்.

"சட்டையெல்லாம் ரத்தம்மா."

"அந்தச் சட்டைங்க எங்க?"

"துவைச்சுட்டேனே."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீதிபதி டாக்டரை அனுப்ப வேண்டுமென்றால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். "மனு போடுறேன். அடுத்த சட்டையைத் தண்ணியில மட்டும் போட்டுடாதீங்க" என்றார்.

மனு போட்ட சேதி சிறைக்கு எட்டிவிட்டது. எட்டாவது சட்டை துவைத்து மடித்து வந்தது. "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், நாங்களே துவைச்சுட்டோம்" என்று சிரித்தார் காவலர். அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இருந்தாலும் வாசலிலேயே, வெயிலில் சட்டையை விரித்துப் பார்த்தாள். முதுகில் பழுப்புக் கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. வெந்நீரில் போட்டிருக்கிறார்கள், தொழில் தெரியாத பாவிகள்! ஒரு கறை போகாமல் இருந்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நீதிபதி சட்டையைப் பார்த்தார், டாக்டரை அனுப்பினார். மூன்றாம் நாள் அவளுடைய ஆஸ்பத்திரிக்கே தம்பியைக் காவலோடு கொண்டுவந்தார்கள். அவள் வெளுத்த விரிப்பில்தான் படுத்திருந்தான். கை தோளுக்கு மேல் எழவில்லை.

"அக்கா, வேணும்னேதான் காயத்தைச் சட்டையில துடைச்சு அனுப்பினேன். நீ பாத்துட்டு யார்கிட்டயாவது காட்டுவேன்னு." அவனுக்கு மூச்சு வாங்கியது. "வாராவாரம் பளிச்சுன்னு திரும்பி வந்துச்சு. அக்காவுக்கே புரியலைன்னு கடைசி வாரம் துடைக்கிறதை விட்டுட்டேன்."

கெட்டிக்காரக் கை என்று எல்லோரும் சொன்ன கைகள். அவன் கண்ணில் படாமல் அவற்றை மடிக்குள் மறைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியலடா, தெரியலடா" என்று அவள் அழுதாள்.