மீதி இல்லாத முப்பத்தேழு

வருடத்துக்கு ஒருமுறை வகுப்புப் படம் எடுக்க எங்கள் பள்ளிக்கு வரும் போட்டோக்காரரை ‘மீதி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். வந்ததும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். “எத்தனை பேரு?” என்பார். வரிசைகள் எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். முப்பத்திரண்டு என்றால் நாலு எட்டு, முகம் மலர்ந்துவிடும். முப்பத்தொன்று என்றால், “எதுக்கும் அடங்காத எண்ணுடா இது” என்று முணுமுணுப்பார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத அதைக் கணக்கு டீச்சர் ‘பகா எண்’ என்பார்.

மீதியாக நிற்பவர் முன்னால் தரையில் தனியாக உட்கார்ந்து, வகுப்பும் வருடமும் எழுதிய சிலேட்டைப் பிடிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் நாங்கள் முப்பத்தொன்று. ஆறாறு பேராக ஐந்து வரிசை. சிலேட்டு என் மடியில். அந்தப் படத்தை இன்றுவரை அலமாரிக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன்.

கடைசி வருடம் முப்பத்தாறு பேர் வந்திருந்தோம். “ஆறாறு முப்பத்தாறு! அகலமும் ஆறு, உயரமும் ஆறு. கண்ணுல ஒத்திக்கலாம்” என்று பெஞ்சுகளை அவரே இழுத்துப் போட்டார். எங்களை நிறுத்தி முடித்து, கேமராவில் கண்ணை வைத்தபோது வாசலில் ஒட்டடைக்குச்சி வந்து நின்றாள். ஒல்லியாக இருப்பதால் நாங்கள் அப்படிக் கூப்பிடும் என் சிநேகிதி; மஞ்சள் காமாலையில் மூன்று மாதம் படுத்திருந்தவள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள்.

“அண்ணே, முப்பத்தேழு! தொலைஞ்சீங்க!” என்று பின்வரிசை கத்தியது.

அவர் பெருமூச்சு விட்டார். “பரவாயில்லம்மா. நீ முன்னால உக்காந்து சிலேட்டைப் பிடி.”

“மூணு மாசமா தனியாத்தான் கிடந்தேன்ணே. இங்கயும் தனியாவா?”

சிலேட்டை எடுக்கப் பையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஒரு வட்டத் தகர டப்பாவில் பிலிம் சுருள்களின் சின்ன உருளைகள் நெருக்கமாக நின்றன. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. இடைவெளியே இல்லை.

“நடுவுல ஒன்னு. சுத்தி ஆறு. அதைச் சுத்தி பன்னெண்டு...” விரல்விட்டு எண்ணினார். “அதுக்கும் வெளிய பதினெட்டு. கூட்டிச் சொல்லுங்கடா!”

“முப்பத்தேழு!”

“அட, இத்தனை வருஷமா இதை நான் முரட்டு எண்ணுன்னு திட்டிட்டு இருந்தேனே!”

பெஞ்சுகளை ஓரம் தள்ளச் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினார். அங்கிருந்து அவர் கத்தக் கத்த, நாங்கள் முற்றத்தில் அறுகோணமாக நின்றோம். தேன்கூட்டு அறையைப் போல ஆறு மூலை. நடுவில் ஒட்டடைக்குச்சி. “மேல பாருங்க! நடுவுல இருக்கிறவ சிரிக்கலைன்னா இன்னொரு தடவை மாடி ஏற மாட்டேன்!”

அவள் சிரித்தாள். வெயிலில் நாங்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கியிருக்கிறோம். அவள் மட்டும் நன்றாக விழித்துப் பார்க்கிறாள்.

அந்தப் படம் இப்போது என் அறைச் சுவரில் இருக்கிறது. அவசரத்தில் சிலேட்டைப் பையிலேயே விட்டுவிட்டதால் வகுப்பும் வருடமும் அதில் இல்லை. எந்த வருஷம் என்று யாராவது கேட்டால், தலைகளை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். மீதி இல்லாமல் முப்பத்தேழு பேர் நின்ற வருஷம் அது.