அக்காவாகிப் போனவள்

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தாலே எந்த பிரேம் எடுக்கும் என்று சொல்லிவிடுவாள். தன் முகத்தின்மேல்தான் அவளுக்கு நம்பிக்கையே கிடையாது. "உங்க அக்காவைப் பாரு, மூக்கும் முழியுமா" என்று அம்மா போகிற போக்கில் சொன்னது சின்ன வயதிலேயே முள்ளாகத் தைத்துவிட்டது. அக்காவைப் போல நடந்து பார்த்தாள், சிரித்துப் பார்த்தாள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

கல்யாணமாகிப் போன அக்காவுக்குத் திடீரென்று இடது கை மரத்தது. ஒரே வாரத்தில் குளியலறை வாசலில் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள்.

தாயில்லாக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சின்னவள் அக்கா புருஷனான மாமாவின் வீட்டுக்குப் போனாள். தூங்காமல் அழுத குழந்தைக்காக அக்காவின் பழைய நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டாள். குழந்தை அதில் முகம் புதைத்து அடங்கியது. நாளடைவில் "சித்தி" என்பது "அம்மா" ஆயிற்று. சின்னவள் திருத்தவில்லை. அந்தச் சொல் நெஞ்சில் இனித்தது. எப்போதோ ஒருநாள் 'இவ இல்லாம இருந்தா தேவலை' என்று அக்காவை நினைத்தது, கூடவே வந்து குத்தியது.

ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தவளைப் பார்த்து மாமா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன, பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறீங்க? உள்ள வாங்க."

அக்காவின் குரல். அக்காவின் அதட்டல்.

மறுவாரம் கடையில் அவள் இடது கையிலிருந்து ஒரு லென்ஸ் நழுவி உடைந்தது. கை மரக்கட்டையாகக் கிடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. கடைசியில் அம்மா மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

"உங்க வீட்டுல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார் மருத்துவர்.

"எனக்குத்தான். போன வருஷம். அதுலதானே போனேன்."

பதில் சொன்ன சின்னவளை அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அம்மாவைத் தனியாக அழைத்து மருத்துவர் சொன்னார்: "கையில நோய் இல்லம்மா. அக்காவை விட மனசு வரல, தானே அக்காவாயிட்டாங்க. அந்த நோயும் சேர்ந்து வந்துடுச்சு. முதல்ல அந்த வீட்டைவிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாளே அம்மா போய் நின்றாள். "சின்னவளே, கிளம்பு."

குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் நிமிர்ந்தாள்.

"யாரைம்மா கூப்பிடுற? அவதான் போயிட்டாளே."

அம்மா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மகளைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முரண்டு பிடிக்கவில்லை. வாசலில் மட்டும் நின்று மாமாவிடம், "நேரத்துக்குச் சாப்பிடுங்க, வந்துடுறேன்" என்றாள். பழக்கதோஷத்தில் அவரும் தலையாட்டிவிட்டார். அப்புறம்தான் யாருக்குத் தலையாட்டினோம் என்று அவருக்கு உறைத்தது.

வாராவாரம் மருத்துவரிடம் போய்வருகிறாள். கைக்கு இன்னும் உணர்வு வரவில்லை. அம்மா இப்போது அவளைச் சின்னவள் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு, அவள் திரும்பாமல் இருந்துவிட்டால்?