வண்டிக்குப் படி வைத்த கதை

அந்த வண்டியில் இல்லாதது எதுவும் இல்லை. சீட் தானாகச் சூடாகும். காஞ்சிபுரத்து வெயிலில் அது எதற்கென்று யாரும் கேட்கவில்லை. பக்கக் கண்ணாடி தானாக மடியும், கூரை திறக்கும். என் மனைவி ஏறுவதற்கு மட்டும் வழி இல்லை.

வாங்கும்போது அவள் நன்றாகத்தான் இருந்தாள். நன்றாக என்றால், இருபது வருஷச் சர்க்கரையோடு நன்றாக. பைபாஸ் ஓரம் எங்களுக்கு இருந்த நிலத்தில் பாதி கைமாறி, நான் ரோடு கான்ட்ராக்ட் எடுத்து, கட்சிக்காரர்கள் என்னை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்த காலம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊரான செவிலிமேட்டில் அப்படி ஒரு வண்டி என்னுடையது மட்டும்தான். முகூர்த்த நாளில் காந்தி ரோட்டில் புடவை வாங்க வந்த கூட்டத்துக்குள் நுழைந்தால்கூட ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவ்வளவு உயரம். அந்த உயரத்துக்காகத்தான் அதை வாங்கினேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

வண்டி வந்த எட்டாவது மாதம் அவளுக்குக் கிட்னி போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் சென்னைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். கால் மரத்துவிட்டது, முட்டி மடங்காது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வாசலில் வண்டிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுவாள். டிரைவர் எங்கள் ஊர்க்காரன், என்னோடு படித்தவன். அவன் இடுப்பைப் பிடிப்பான், நான் தோளைப் பிடிப்பேன், நெல் மூட்டையை லாரியில் ஏற்றுகிற மாதிரி ஏற்றுவோம். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை, குழாயடியில் நாலு தலை. புடவை விலகும். அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

ஒரு நாள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கு வேணாங்க. நாளைக்குப் போய்க்கலாம்."

"நாளைக்குன்னா மூச்சு முட்டும்மா."

"முட்டட்டும். டிரைவரு எனக்கு அண்ணன் மாதிரிதான், இல்லைன்னு சொல்லல. ஆனா தெருவே பாத்துக்கினு நிக்குது. இதுக்கு மூச்சு முட்டறதே தேவலாம்."

மறுநாள் மத்தியானத்துக்குள் முகம் வீங்கி, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்படி விட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா ஒரு நாள் இங்க வந்து சேர மாட்டாங்க" என்றார். அதன் பிறகும் இரண்டு முறை வர மறுத்தாள். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு முறை அழக்கூட அழுதேன். அவளுக்குச் சாவைவிடத் தெரு பெரிதாக இருந்தது.

வேறு காரில் ஏற்றியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். என் மச்சானின் சின்னக் காரில் ஏற்றிப் பார்த்தோம். உள்ளே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பள்ளமான சீட்டிலிருந்து அவளை எழுப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது. வண்டி உயரமாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு ஒரு படி வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

ரயில்வே கேட் பக்கம் இருந்த வெல்டர் பார்த்த உடனே சொன்னான். "ரெண்டு பைப்பு, மேல கால் வழுக்காம ஒரு செக்கர் பிளேட்டு. ஒரு மணி நேரம் உக்காருண்ணே, அடிச்சுக் குடுத்துடறேன்." அவன் கை காட்டிய இடத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. அதற்கு அன்றுதான் அப்படி ஒரு படி அடித்திருந்தான்.

"எதுக்கு எதைக் காட்டற? இது இன்னா, ஷேர் ஆட்டோவா?" என்று அவன் மேல் பாய்ந்தேன். அந்த ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

வண்டி வாங்கிய ஷோரூமில் வேறு ஒன்று சொன்னார்கள். மோட்டார் வைத்த படி. கதவைத் திறந்தால் கீழே இறங்கும், சாத்தினால் வண்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வெளியே தெரியவே தெரியாது. எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அடியில் துளை போடவேண்டும், அதனால் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம், பாலாற்று மணல் புகுந்தால் மோட்டார் மாட்டிக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னார்கள். யாரையும் கேட்காமல் ஊருக்கே ரோடு போடுகிறவன் நான். அந்தப் படிக்காக நாற்பது நாள் யோசித்தேன். டீக்கடையில் ஒருவன், "ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிப்பானாண்ணே?" என்றான். இன்னொருவன், "படி வெச்சா அது கெழவன் வண்டிண்ணே" என்றான். முதல் பேச்சு காதோடு போயிற்று. இரண்டாவது மண்டையில் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது முறை அவள் வர மறுத்த அன்றுதான் ஆர்டர் கொடுத்தேன். அது வரும்வரைக்கும் என்று டிரைவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தான். என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் அதில் ஏறி, அதிலிருந்து வண்டிக்குள் ஏறினாள். யாரும் தூக்கவில்லை. அன்று சென்னை போகும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு ஊர் வரும்போதும் அதன் பேரைச் சொன்னாள்.

படி வந்து சேர்ந்துவிட்டது என்று ஷோரூமிலிருந்து போன் வந்தபோது ஆடி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆவணி ஒன்றாம் தேதி கொண்டுவருகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் ஆடியில் புதிதாக எதுவும் செய்வதில்லை. வீட்டுக்குக் கடைக்கால் எடுக்க மாட்டோம், வண்டிக்கு ஒரு ஹாரன்கூட மாற்ற மாட்டோம். ஆடியில் வைத்த படி அவளுக்கு ஆகாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். பயந்ததும் அவளுக்காகத்தான்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னுதானே உங்க வூட்ல காலங்காலமா பயிரு வெச்சாங்க? ஆடியில வெத போடலாம், வண்டிக்குப் படி போடக்கூடாதா?"

"வாய் மட்டும் கொறையல உனக்கு" என்றேன். எதையும் என்னிடம் இரண்டாவது முறை கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. டயாலிசிஸ் ஆடி பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஆடி கடைசி வெள்ளி முடிந்த சனிக்கிழமை காலை ஸ்டூலின் கால் பிளந்துவிட்டது. எங்கள் நேரம் தவறினால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இஞ்சினை ஓடவிட்டிருந்தான். நான் வீட்டுக்குள் ஓடினேன். கால் வைக்க ஏற்ற உயரத்தில் எதுவும் அகப்படவில்லை. பூஜை அறை மூலையில் நெல் அளக்கிற பழைய மரக்கால் இருந்தது, பித்தளைப் பூண் போட்டது, கனமானது. முந்தின நாள் பூஜையில் அவள் வைத்த மஞ்சளும் குங்குமமும் அதன் மேல் கலையாமல் இருந்தன. தூக்கிவந்து ரோட்டில் கவிழ்த்து வைத்தேன்.

"ஐயோ, லட்சுமிங்க அது! குப்புறப் போட்டு வெச்சிருக்கீங்களே!"

"மெஷினுக்கு நேரமாவுது, ஏறுடீ!"

தெருவே கேட்கும்படி கத்தினேன். அவள் என் பேச்சைத் தட்டுகிறவள் இல்லை. மரக்கால் மேல் கால் வைக்கிறவளும் இல்லை. ஏறுவதற்கு முன்னால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று குனிந்தாள். அவள் முட்டி எதைச் செய்யாதோ அதைச் செய்யப் பார்த்தாள். என் கை அப்போது அவள் கையில் இல்லை. கதவு காம்பவுண்ட் சுவரில் உரசிவிடக் கூடாதென்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவள் உடம்பு ஆபரேஷன் தாங்காது என்றார்கள். இனிமேல் நிற்க முடியாது, டயாலிசிஸுக்கு ஆம்புலன்ஸில் படுத்தபடியே வந்து போகட்டும் என்றார்கள். அவள் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சண்டை போட்டுக் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

ஆவணி ஒன்றாம் தேதி பிறந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னை வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டார்கள். எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினேன். எதற்காக மாட்டினாய் என்று மச்சான் கேட்டான். கற்பூரத் தட்டை அவன் பக்கம் நீட்டினேன்.

அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸும் என் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள், தள்ளிக்கொண்டு வந்தவரிடம் கொஞ்சம் நிற்கச் சொன்னாள்.

"எங்க, அதைக் காட்டுங்க."

கதவைத் திறந்தேன். மெல்லிய சத்தத்தோடு படி இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. தலையைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் காலுக்குச் சரியான உயரம். என் கைகூட வேண்டியிருக்காது, கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறியிருப்பாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். தலையைத் திருப்பிக்கொண்டு, "மூடிடுங்க, பேட்டரி எறங்கிடப் போவுது" என்றாள்.

தை பிறக்கும்வரை இருந்தாள்.

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யார் ஏற வந்தாலும் படி இறங்கி நிற்கும், அவர்களும் ஆச்சரியப்பட்டு இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டு ஏறுவார்கள். எனக்கும் இப்போது முட்டி வலி வந்துவிட்டது. "அதான் படி இருக்குதேண்ணே, கால வெச்சு ஏறேன்" என்று டிரைவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறான். நான் காதில் வாங்காத மாதிரி கம்பியைப் பிடித்து, அந்தப் படியில் கால் படாமல் எம்பி ஏறிக்கொள்கிறேன்.