லீனா திறந்த கதவு

காலை ஆறேகாலுக்கு விரிஞ்சிபுரத்தில் கம்பெனி பஸ் ஏறினால், ஆம்பூர் ஷூ ஃபேக்டரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த நேரத்தைப் பதினேழு வருஷமாகக் கதை சொல்லியே ஓட்டியவள் ஷர்மிளா. மாமியார் கதையெல்லாம் அவளிடம் கிடையாது. பாதாளச் சுரங்கம், பறக்கும் தட்டு, கடலுக்கடியில் மாட்டிக்கொண்ட கப்பல் என்று சின்ன வயசில் படித்த படக்கதைகள்தான். அதிலும் ‘பனிக்கோளில் ஐந்து பேர்’ என்றால் ஜன்னல் சீட்டைப் பிடித்தவர்கள்கூட எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள். விண்கப்பல் பனியில் புதைந்துவிடும். மூச்சுவிடக் காற்று தீர்ந்துகொண்டே வரும். கதவைத் திறந்து வெளியே போக நாலு ஆம்பிளைகளுக்கும் தைரியம் வராது. ஐந்து பேரில் ஒரே பெண்ணான லீனா திறப்பாள். சரியாக அந்த இடத்தில் பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டில் நிற்கும். கெட்டிக்காரி, அப்படி அளந்து வைத்திருந்தாள்.

போன மாசம் மேனேஜர் ஷபீ அஹமது அவளைக் கூப்பிட்டனுப்பினார். கம்பெனி ஆப்பிரிக்காவில் புதிதாக ஃபேக்டரி திறக்கிறது, அங்கே தையல் சொல்லிக்கொடுக்க ஆறு மாசத்துக்கு ஆள் வேண்டும்.

“உன்ன மாதிரி தைக்கிறவங்க இந்த ஃப்ளோர்ல யாரும்மா இருக்காங்க? ஃபாரத்துல வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வா. திங்கக்கிழமை வரைக்கும் டைம்” என்றார்.

ஆம்பிளைகள் போகும்போது பெண்டாட்டி கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. கேட்டுத்தான் பாருங்களேன், சிரிப்பார்கள்.

ஷர்மிளாவுக்குப் போக அவ்வளவு ஆசை. ஆசைக்கென்றே போன வருஷம் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள். முப்பத்தொன்பது வயசில் அவள் தாண்டிய தூரம் அந்த பஸ் போகிற தூரம்தான். ஃபாரத்தைப் புருஷன் ஜான்சனிடம் நீட்டினாள். அவன் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும்.

“உன் இஷ்டம். நான் வேணாம்னா சொன்னேன்? எங்கம்மாவுக்கு யாரு சோறு போடறது, அத மட்டும் சொல்லு” என்றான், செல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். பேனாவைத் தொடவில்லை. மறுநாள் கேட்டாள், அதே பதில். அதற்கு மறுநாளும் அதுவே. சண்டை போடுகிறவனாக இருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அந்த வாரம் பார்த்துத்தானா பக்கத்து சீட் கௌசர் ஒரு பழைய படத்தைச் செல்லில் கண்டுபிடிக்க வேண்டும்? அதே பனிக்கோள் கதை, தமிழில் பேசவிட்டிருந்தார்கள். தெர்மாகோல் பனி, தகர டப்பா கப்பல். பஸ்ஸே கூடிப் பார்த்தது.

“இன்னாக்கா, உங்க லீனா மயக்கம் போட்டு விழறா. கேப்டன்தான் கதவத் தொறக்கறான்” என்றாள் கௌசர். ஒரே சிரிப்பு.

ஷர்மிளாவுக்குச் சுருக்கென்றது. “படம் எடுத்தவன் மாத்திட்டான். புக்குல அவதான். திங்கக்கிழமை கொண்டாந்து காட்டறேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் போய்ப் பரண்மேல் கிடந்த டிரங்குப் பெட்டியைக் குடைந்தாள். புத்தகம் இருந்தது, அட்டைதான் இல்லை. புத்தகம் முழுக்க லீனா மூன்றே தடவை வாய் திறக்கிறாள். இரண்டு தடவை “பயமாக இருக்கிறது, கேப்டன்.” ஒரு தடவை “தேநீர் போடட்டுமா?”

கடைசிப் பக்கத்தில் கதவைத் திறப்பது கேப்டன். ஆனால் அவர் மீசையை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். நீலப் பேனாவால் தலையில் இரட்டைப் பின்னல் போட்டு, கீழே கோணல்மாணலாக ‘லீனா’ என்று எழுதியிருந்தது. நாலாம் வகுப்பு ஷர்மிளாவின் எழுத்து. செய்ததை அவள் சுத்தமாக மறந்துபோயிருந்தாள்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துப் பையிலிருந்த ஃபாரத்தை எடுத்தாள். கேப்டனுக்கே சடை பின்னியவளுக்கு ஜான்சன் என்று எழுதவா தெரியாது? எழுதினாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் கௌசர் புத்தகத்தைக் கேட்டபோது, “சாயங்காலம் காட்டறேன்” என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இறங்கியதும் நேராக மேனேஜரிடம் போனாள். ஷபீ அஹமது அந்தக் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டுக்காரரு சனிக்கிழமையே போன் பண்ணிட்டாரேம்மா. உனக்கு உடம்பு சரியில்ல, உன்னால போக முடியாதுன்னு சொன்னாரு. வேற பேரு அனுப்பிட்டேன்.”

ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நல்லவர். ஷர்மிளா ஃபாரத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். ‘உன் இஷ்டம்’ என்று மூன்று நாள் சொன்ன வாய். அன்றைக்கும் ஒரு தையல்கூடப் பிசகாமல் தைத்தாள், அதுதான் கொடுமை.

சாயங்கால பஸ்ஸில் கௌசர் விடவில்லை. “புக்கு இன்னாச்சுக்கா?”

புத்தகம் மடியில்தான் இருந்தது, பைக்குள்ளே.

“நீ சொன்னதுதான் கரெக்ட்டு கௌசர். கேப்டன்தான் தொறக்கறான்.”

“அப்ப லீனா?”

“உள்ளயேதான் இருக்கா. டீ போடறா.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பஸ் டோல்கேட்டில் நின்றது. செல் அடித்தது, ஜான்சன்தான். தினமும் இந்த நேரத்துக்கு எங்கே வர்றே என்று கேட்பான், அவ்வளவு அக்கறை. மூன்று தடவை அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தாள்.

“டோல்கேட்லதான் இருக்கேன்” என்றாள்.