சந்தனப் பொட்டுக்கு அடியில் ஒரு ஒயர்

அக்கா மகளுக்குக் காது குத்தும் தேதி என்னால் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது தேதியன்றும் காலை ஒன்பது மணிக்கு நான் கன்ட்ரோல் ரூமில்தான் நின்றுகொண்டிருந்தேன், வலது கையை ஒரு ஸ்விட்சின் மேல் வைத்துக்கொண்டு. முகூர்த்தம் பதினொன்றரைக்கு. உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோயில், பைக்கில் முக்கால் மணி நேரம். குழந்தைக்குத் தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருத்தன்தான். "உன் மடியில உட்காராம குத்த மாட்டேன்டா. மூளிக் காதாவே இருக்கட்டும்" என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஸ்விட்சை விட்டு ஏன் நகர முடியவில்லை என்று சொல்கிறேன். ஓசூரில் கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் எங்கள் ஃபேக்டரியில் அலுமினியம் உருக்குகிறோம். அதற்கு வேண்டிய கரண்டை இரண்டு கேஸ் டர்பைன் ஜெனரேட்டர்களில் நாங்களே எடுக்கிறோம். இரண்டும் சேர்ந்து ஓடும்போது லோடைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். யார் எவ்வளவு சுமக்கிறோம் என்று ஒன்றுக்கொன்று தெரிவிக்க, இரண்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கும் நடுவே மெல்லிய ஒயர் போகிறது. அது விட்டுப்போனால் ஒவ்வொன்றும் தான் தனியாக ஓடுவதாக நினைத்துக்கொண்டு வேகத்தைத் தானே பிடிக்கப் பார்க்கும். ஒன்று லோடை அள்ளும், மற்றது காலியாகும், கடைசியில் இரண்டும் ட்ரிப் ஆகி நின்றுவிடும். உலையில் உலோகம் உறைந்துபோனால் அப்புறம் கடப்பாரை எடுத்து உடைக்க வேண்டியதுதான்.

ஆயுத பூஜை முடிந்து மெஷினை ஓட்டிய அன்று அப்படித்தான் ஆனது. இரண்டு முறை ட்ரிப். மூன்றாவது முறை நான் இரண்டாம் மெஷினை மேனுவலில் போட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்விட்சைக் கையில் பிடித்தேன். உலையில் லோடு ஏறினால் ஒரு தட்டு கூட்டு, இறங்கினால் ஒரு தட்டு குறை. மீட்டர் முள் ஒழுங்காக நின்றது. எங்கள் மேனேஜர் திருநெல்வேலிக்காரர். முதுகில் தட்டி, "ராசியான கைடே ஒனக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் மயங்கினேன் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வேறு ஆள் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் ட்ரிப். நான் பிடித்தால் நாளெல்லாம் ஓடும். ராத்திரியில் ஒரு உலைதான், ஒரு மெஷினே போதும். பகல் முழுக்க நான். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, லீவு கிடையாது. ஒன்னுக்குப் போக வேண்டுமென்றால் உலைக்குப் போன் போட்டு, "அண்ணா, அஞ்சு நிமிஷம் எதையும் ஏத்தாதீங்க" என்று கெஞ்ச வேண்டும். ஃபேக்டரி பூராவுக்கும் என் மூத்திரக் கணக்குத் தெரியும்.

பெங்களூரிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் வந்தார். இரண்டு நாள் லேப்டாப்பை மாட்டி ஏதேதோ எண்களை மாற்றினார். பேனல் கதவைத் திறந்தவர், உள்ளே ஒயர் முனைகளுக்கு மேல் காய்ந்திருந்த சந்தனப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கன்னடத்தில் பூஜையைப் பாராட்டிவிட்டுக் கதவை மூடினார். பூஜை போட்ட பொட்டை இங்கே எவன் சுரண்டுவான்? எங்கள் எலக்ட்ரீஷியன்களும் ஒவ்வொரு முறையும் அதை விட்டுவிட்டுத்தான் பார்த்தார்கள்.

பொங்கலுக்கு மெஷின் ஆயில் மாற்ற நின்றிருந்தபோது நான் அதைச் சுரண்டினேன். சும்மா, கை அரிப்பில். பொட்டோடு சேர்ந்து ஒயரும் ஆடியது. திருகிலிருந்து எப்போதோ கழன்று வந்துவிட்ட ஒயர், காய்ந்த சந்தனம் பிடித்திருந்ததால் இடத்திலேயே இருக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு அந்தப் பேனலைத் துணியால் அழுத்தித் துடைத்ததும், பொட்டு வைத்ததும் நானேதான்.

கதவை மூடிவிட்டேன். அந்த ஒரு திருகைச் சத்தமில்லாமல் முடுக்கியிருக்கலாம். முடுக்கினால், இத்தனை நாள் என்னத்தைக் கிழித்தாய் என்று கேட்பார்களே என்று பயம். உள்ளதைச் சொன்னால், ராசிக்காரன் என்ற பேர் போய்விடுமே என்றும் இருந்தது. அதற்கப்புறம் வந்ததுதான் அக்கா குறித்த இரண்டாம் தேதி. லீவு தர மாட்டேங்கிறான்கள் என்று அவளிடம் புளுகினேன். அன்றைக்கு என்னைப் பூட்டி வைத்தது மேனேஜர் இல்லை.

மூன்றாம் தேதியன்று ஒன்பது மணிக்கு அக்கா ஒரு போட்டோ அனுப்பினாள். குழந்தைக்கு மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசியிருந்தார்கள். மேனேஜரைக் கூப்பிட்டு, ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்பருந்துடே தெரியும்?"

"பொங்கல்லருந்து சார்."

திட்டியிருந்தால் தேவலை. உலைக்குப் போன் செய்து லோடைக் குறைக்கச் சொன்னார். இரண்டாம் மெஷினை நிறுத்தினோம். மிச்சப் பொட்டைச் சுரண்டி, ஒயரைச் செருகித் திருகை முடுக்க இரண்டு நிமிஷம் ஆகவில்லை. மறுபடி ஓட்டிச் சேர்த்து, உலைகளை ஏற்றச் சொன்னோம். கை என் இடுப்பில் இருந்தது. இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறி ஒன்றாக நின்றன. என் ராசி இல்லாமலே.

"போ," என்றார். "நாளைக்கு நடந்ததை எழுதிக் கொண்டா."

ராயக்கோட்டை ரோட்டில் எப்படி ஓட்டினேன் என்று ஞாபகம் இல்லை. கோயிலுக்குள் நுழையும்போது பதினொன்று இருபது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "வந்துட்டான், என் தம்பி வந்துட்டான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். நான் கடைசியாகப் பார்த்தபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பட்டுப்பாவாடையை மிதித்துக்கொண்டு நடக்கிறாள்.

பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அக்கா அவளைத் தூக்கி என் மடியில் வைத்தாள். குழந்தை என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நொடி உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு, மூச்சு முட்ட வீறிட்டு, அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அழுவட்டும், ஊசின்னா பயம் இருக்கத்தானே செய்யும்" என்றாள் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா.

காது குத்த வந்திருந்த ஆசாரி அப்போதுதான் பையைத் திறந்துகொண்டிருந்தார். "ஊசிய நான் இன்னும் எடுக்கவேயில்லீங்களே" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "கெட்டியாப் புடிச்சுக்கோடா" என்றாள், மெதுவாக. ஐந்து மாசம் ஸ்விட்சைப் பிடித்திருந்த கையால் குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.