தேய்ந்த இலக்கம்

விமான நிலையத்துக்குப் போகும் எங்கள் வேனைப் பேராதனையில் பொலிஸார் நிறுத்துகிறார்கள். தாத்தா கலஹாவில் பன்றி விரட்ட வைத்திருந்த துப்பாக்கியை லண்டனிலுள்ள அண்ணனிடம் கொண்டு செல்கிறேன். அதைக் கொண்டு செல்ல அனுமதிப் பத்திரம் இருக்கிறது. ஆனால் குழலில் பொறித்த இலக்கம் தேய்ந்துவிட்டது.

“பேப்பர்ல உள்ள நம்பர் இதுல தெரியலையே,” என்கிறார் பெண் சார்ஜன்ட். விமானம் போய்விடுமோ என்று நேரத்தைப் பார்க்கிறேன்.

அவர் டோர்ச்சைக் குழலோடு சாய்த்துப் பிடிக்கிறார். இலக்கங்கள் மெல்லத் தெரிகின்றன. பத்திரத்தோடு ஒத்துப் பார்க்கிறார்.

“சரியா இருக்கு. எயார்போட்லயும் இதைத்தான் கேப்பாங்க. நான் லைட்ட புடிக்கிறேன், ஃபோட்டோ எடுத்துக்கங்க.”

அவசரமாக எடுத்ததில் முதல் படம் கலங்கிவிடுகிறது. தூறல் விழுகிறது.

“ரொம்ப நன்றி மிஸ், போதும்.”

“பதறாதீங்கண்ணே, இன்னொன்னு எடுங்க,” என்று நனைந்தபடியே டோர்ச்சை அசையாமல் பிடித்து நிற்கிறார்.