பொன்னுதுரை அண்ணாச்சி போடாத நிழல்

தூத்துக்குடியில் படம் எடுக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். இல்லாத ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து குடும்பத்தோடு நிறுத்துகிறவர் பொன்னுதுரை ஒருவர்தான். இதைப் பொன்னுதுரையே சொல்வார். யாரும் கேட்க வேண்டியதில்லை. கடைக்குள் கால் வைத்தவர் ஸ்டூலில் உட்காரும் முன்பே சொல்லி முடித்திருப்பார்.

சொல்ல அவருக்கு உரிமையும் உண்டு. உடன்குடிப் பக்கத்துச் செம்மண்ணில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பதினான்கு வயதில் ஒரு மாற்றுச் சட்டையோடு பஸ் ஏறியவர். ஒரு ஸ்டூடியோவில் தரை கூட்டினார். பிறகு இருட்டறையில் தண்ணீர் மாற்றினார். பிறகு நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்யப் பழகினார்; அம்மைத் தழும்பு முகத்தைப் பௌர்ணமி மாதிரி ஆக்கிக் கொடுக்க அந்த வட்டாரத்தில் அவர் பென்சிலை மிஞ்ச ஆள் கிடையாது. கம்ப்யூட்டர் வந்தபோது வயது நாற்பத்தாறு. கூட இருந்த டச்சிங்காரர்கள் செருப்புக் கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். பொன்னுதுரை போகவில்லை. இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறையும் வரிசையாகச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் பாதியில் நின்றுவிடுவார். ஆனால் எந்த எழுத்தை அமுக்கினால் வெட்டும், எதை அமுக்கினால் ஒட்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். "பி.இ. படிச்ச பயலுவ எங்கிட்ட வந்து நிக்கானுவ" என்பார். ஒன்றிரண்டு பேர் வந்து நின்றது உண்மைதான்.

கிரேட் காட்டன் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் அவர் கடை. தோணி வேலைக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட் படத்துக்கு அங்கேதான் வருவார்கள். ஆனால் பொன்னுதுரைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சேர்ப்பு வேலை. பேரன் காதுகுத்தைப் பார்க்காமல் போன தாத்தாவை, மகள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்ட தகப்பனை, படத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துகிற வேலை. தலை அடையாள அட்டையிலிருந்து வரும். உடம்பு வேறு யாருடையதோ. ஒட்டு தெரியாது. "கழுத்துலதாம்யா தொழிலே இருக்கு" என்று தன் கழுத்தைத் தட்டிக் காட்டுவார்.

அந்த வேலையில் அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. செத்தவருக்கு நிழல் போட மாட்டார். ஆரம்பத்தில் ஒரு முறை, இறந்த தாத்தாவின் நிழல் மடியிலிருந்த பிள்ளை மேல் விழுகிற மாதிரி வெகு பொருத்தமாகப் போட்டுக் கொடுத்தார். அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளையின் தாய் படத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து, இருக்கிறவர்களுக்கு நிழல் உண்டு, போனவர்களுக்குக் கிடையாது. இதையும் ஒரு பெருமையாக்கி, படம் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டார்.

போன ஆவணி கடைசியில் விஜிலா வந்தாள். துறைமுகத்துப் பக்கத்துக்காரி, நாற்பத்தெட்டு வயதிருக்கும். மகள் ஜெப்ஸிக்கு ஆலந்தலையில் மாப்பிள்ளை எடுத்துக் கல்யாணம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. மாதா கோயில் படிக்கட்டில் இரு வீட்டாரும் நின்று எடுத்த படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணாச்சி, இதுல ஒரு ஆளைச் சேக்கணும்."

"சேத்துருவோம். யாரு?"

"ஜெப்ஸி அப்பா."

பொன்னுதுரை முகத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். அது தொழில் முகம். "எப்ப தாயி தவறுனாவ?"

"தவறவெல்லாம் இல்ல. தோணில போயிருக்காவ."

"எப்ப போனாவ?"

"வார கார்த்திகை வந்தா ஏழு வருசம்."

மாலத்தீவுக்குக் காய்கறியும் சிமெண்டும் ஏற்றிப்போன தோணி அது. ஒன்பது பேர். ஒரு பலகைகூடத் திரும்பவில்லை. மற்ற எட்டு வீட்டிலும் அழுது முடித்து, இறந்தோர் பூசை வைத்து, வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வெறும் சிலுவைக்காவது மெழுகுவர்த்தி கொளுத்துகிறார்கள். விஜிலா மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். தாலியைக் கழற்றவில்லை. கல்யாணப் பத்திரிகையில் புருஷன் பேருக்கு முன்னால் இறந்தவர்களுக்கான சிலுவைக்குறி போட அச்சாபீஸ்காரர் கை வைத்தபோது, தட்டிவிட்டாளாம். ஊரெல்லாம் தெரிந்த கதை. பொன்னுதுரைக்கும் தெரியும்.

அவள் கைப்பேசியை நீட்டினாள். தோணி மேல்தளத்தில் கயிற்றுச் சுருளில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஒருவன் சிரிக்கிறான். கிளம்புகிற அன்றைக்கு எடுத்தது. அப்போது வயது நாற்பத்து நான்கு.

"இந்த மூஞ்சியை அப்படியே வச்சிராதிய அண்ணாச்சி. இப்ப எப்படி இருப்பாவளோ அப்படி நிக்கணும். பழைய மூஞ்சியோட நின்னா, செத்த ஆளை ஒட்டி வச்ச மாதிரில்லா இருக்கும்?"

பொன்னுதுரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். ஐம்பத்து நான்கு வருஷத் தொழிலில் இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. செத்தவர்களை நிற்க வைத்தாயிற்று. இனி ஒரு மனிதனுக்கு வயது ஏற்ற வேண்டும். "இதைச் செய்ய இந்த ஜில்லாவுல வேற எவன் இருக்கான், சொல்லு தாயி?" என்றார்.

மூன்று நாள் சாயங்காலமும் விஜிலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பொன்னுதுரை கண்ணாடித் தாள் மேல் கண்ணாடித் தாளாக ஏழு வருஷத்தையும் அடுக்கினார். நரைக்கு ஒரு லேயர். நெற்றி ஏறியதற்கு ஒரு லேயர். விஜிலா மாமனாரின் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து, அந்த வீட்டு ஆண்களுக்கு முகம் எங்கே தொய்யும் என்று கண்டுபிடித்து அதற்கு ஒரு லேயர்.

"தொப்பையைக் கொஞ்சம் போடுங்க. எங்க மாமா அம்பது வயசுல வயித்தைத் தாங்கிக்கிட்டுத்தான் நடப்பாவ."

"மீசையும் நரைச்சிருக்கணும்லா?"

"டை அடிச்சிருப்பாவ. மவ கல்யாணத்துக்கு அடிக்காமலா வருவாவ?"

உள்ளே பிரேம் சட்டம் அறுத்துக்கொண்டிருந்த பொன்னுதுரையின் மனைவி செல்லக்கிளி தலையை நீட்டினாள். "ஏளா, மனுசன் வந்து எறங்குனதும் இந்தத் தொப்பைக்குத்தான் மொதச் சண்டை போடப் போறாரு."

"போடட்டும் மைனி. சண்டை போட்டு எம்புட்டு நாளாச்சு."

மூன்று பேரும் சிரித்தார்கள். விஜிலா திரையில் இருந்தவனைப் பார்த்து, "என்ன, அரிசிக் கடைக்கார மொதலாளி மாதிரி ஆயிட்டிய" என்றாள். கடைசியாக, கண்ணோரத்துச் சுருக்கத்தை அவளே விரல் வைத்து இடம் காட்டினாள். வெயிலில் கடலைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண், இன்னும் இரண்டு கோடு வேண்டும் என்றாள். போட்டார்.

நான்காம் நாள் காலையில் பொன்னுதுரை அந்த ஆளுக்குக் கல்யாணப் பட்டு வேட்டி கட்டி, ஜெப்ஸியின் இடது பக்கத்தில் நிறுத்தி, கழுத்தைச் சரிபார்த்து, தோல் நிறத்தைச் சாயங்கால வெயிலுக்கு இழைத்து, பிரிண்டுக்கு அனுப்பினார். இருபதுக்கு முப்பது. வெளியே வந்த படத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. இதைவிட நல்ல வேலை அவர் செய்ததில்லை. செல்லக்கிளி தங்கநிறச் சட்டம் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விஜிலா வீட்டில் மறுவீட்டு விருந்து. படத்தை அண்ணாச்சியே கொண்டுவந்து மாட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனார். ஆணி அடித்து, படத்தை மாட்டி, மேலே சுற்றிய காகிதத்தை உருவினார்.

"எய்யா! நேர்ல நிக்கிற மாதிரில்லா நிக்காரு!" என்றார் ஆலந்தலைச் சம்பந்தி. பந்தியில் இருந்தவர்கள் சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்கள். ஜெப்ஸி அப்பாவின் நரையைத் தொட்டுப் பார்த்தாள். பொன்னுதுரை ஐந்தாம் வகுப்பிலிருந்து தன் கதையை ஆரம்பித்து, கம்ப்யூட்டர் வரைக்கும் வந்திருந்தார்.

அப்போதுதான் மதலேன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டே போனாள். விஜிலா புருஷனின் அக்காள். இரண்டு வருஷத்துக்கு முன் தன் இறந்த கணவனை, பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தில் பொன்னுதுரையிடம்தான் சேர்த்து வாங்கியிருந்தாள்.

"விஜிலா, இங்கன வா. எல்லார் நிழலும் படியில விழுந்து கெடக்கு. என் தம்பி நிழல் எங்க?"

பேச்சு நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் நிழல், ஜெப்ஸியின் நிழல், பூக்கூடை பிடித்த பிள்ளையின் நிழல்கூட வலப்பக்கம் சாய்ந்து நீண்டு கிடந்தது. அந்தப் பட்டு வேட்டிக்குக் கீழே மட்டும் படிக்கல் வெளுப்பாக இருந்தது.

"போனவுகளுக்குத்தான இந்த அண்ணாச்சி நிழல் போடமாட்டாரு" என்றாள் மதலேன். "என் வீட்டுக்காரவுக படத்தைத் தாரப்ப அவரு வாயாலயே சொன்னாரு."

பொன்னுதுரையும் கிட்டே போய்ப் பார்த்தார். மூன்று நாளும் முகத்திலேயே கிடந்தவர், கடைசியில் கையைப் பழக்கத்துக்கு விட்டுவிட்டார். கைக்குத் தெரிந்ததை அது செய்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

விஜிலா அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சுகிற முகம். "அண்ணாச்சி, மறந்துட்டியளா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவள் அதை எடுத்துக் கையிலேயே கொடுத்திருந்தாள். ஆனால் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சம்பந்தி நின்றார். ஐந்தாம் வகுப்புக் கதை இன்னும் காற்றில் இருந்தது. அவர் யோசிக்கும் முன்பே, ஐம்பத்து நான்கு வருஷமாகப் பேசிப் பழகிய வாய் பேசிவிட்டது.

"பொன்னுதுரை கை எதையும் மறக்காது தாயி. அது செஞ்சா காரணத்தோடதான் செய்யும்."

"காரணம்னா?" விஜிலா ஓரடி முன்னால் வந்தாள். "தோணிக்காரவுக எல்லாரும் உங்க கடைக்குத்தான் வாராவ. யாரும் எதும் சொன்னாவளா அண்ணாச்சி?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்த வீட்டில் இருந்தவர்கள் அந்த மௌனத்தைத் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டார்கள். மதலேன் தலையில் அடித்துக்கொண்டு, "ஏ எந்தம்பீ!" என்று தரையில் உட்கார்ந்தாள். ஏழு வருஷமாக விஜிலாவுக்குப் பயந்து அடக்கி வைத்திருந்த அழுகை. ஜெப்ஸி ஓடிப்போய் அத்தை மேல் விழுந்தாள்.

விஜிலா அழவில்லை. படத்தின் கீழே வெளுத்திருந்த அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சாப்ட்டுட்டுப் போங்க அண்ணாச்சி" என்றாள்.

வீட்டுக்கு வந்து செல்லக்கிளியிடம் சொன்னார். அவள் அறுத்துக்கொண்டிருந்த சட்டத்தைக் கீழே வைத்தாள்.

"மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க கிரீடம் சாஞ்சிருக்குமோ?"

"எல்லாரும் நின்னாவளா..."

"நிக்கட்டுமே! அவ எதை வச்சு எந்திரிச்சு ஒக்காந்துக்கிட்டு இருந்தான்னு உங்களுக்குத் தெரியாதா? அதைப் பிடுங்கிட்டு வந்திருக்கிய."

மறுநாள் காலையில் கடை திறந்ததும் நிழலைப் போட்டார். ஆளை இன்னொரு பிரதி எடுத்து, கறுப்பாக்கி, சாய்த்து, படிக்கட்டு வளைகிற இடத்தில் மடக்கி, ஓரத்தை மெலிதாக்கினார். பத்து நிமிஷ வேலை. புது பிரிண்டைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு விஜிலா வீட்டுக்கு நடந்தார். தெருமுனையிலேயே தெரிந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மதலேனும் சொந்தக்காரர்களும் கோயில் கணக்கரோடு உட்கார்ந்து பூசைக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் விஜிலா, யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பொன்னுதுரை போய் நடுவில் நின்று சொல்லியிருக்கலாம். பொதியோடு திரும்பிவிட்டார்.

கல்லறைத் திருநாளன்று அந்த ஒன்பதாவது ஆளுக்கும் ஒரு சிலுவையும் மெழுகுவர்த்தியும் வந்தன. துக்க மணி கடைக்குள் கேட்டது. அன்றைக்கு ஒரு கழுத்தும் பொன்னுதுரைக்கு ஒட்டவில்லை.

மார்கழி பிறந்து இரண்டாம் நாள், காலை பத்து மணிக்கு விஜிலா வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"அண்ணாச்சி, மாலை போட ஒரு படம் வேணும். அவுக மட்டும்."

"செஞ்சிருவோம் தாயி."

"இந்த நரையெல்லாம் வேண்டாம். போறப்ப இருந்த வயசு போதும். அதுக்கு மேல அவுக இருக்கல்லலா."

பொன்னுதுரை எழுந்து நின்றார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தாயி, நான் அன்னைக்கு மறந்துதான் போனேன். எங்கிட்ட எவனும் எதும் சொல்லல்ல. சத்தியமா மறந்துட்டேன்."

உள்ளே சட்டம் அறுக்கும் சத்தம் நின்றது. செல்லக்கிளிக்குக் கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷம். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை.

விஜிலா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பூசை முடிஞ்சிபோச்சு அண்ணாச்சி" என்றாள்.

அவர் உட்கார்ந்து பழைய கோப்பைத் திறந்தார். ஒவ்வொரு லேயராக அணைத்தார். தொப்பை போயிற்று. ஏறியிருந்த நெற்றி இறங்கியது. நரை போயிற்று. அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் இருந்த இரண்டு கோடும் போயின. தோணித் தளத்தில், கயிற்றுச் சுருளில் காலை வைத்துக்கொண்டு, நாற்பத்து நான்கு வயதுக்காரன் சிரித்தான்.

விஜிலா குனிந்து பார்த்தாள்.

"என்னையவிட மூணு வயசு மூத்தவுக" என்றாள். "இப்ப என்னையவிட எளையவுகளாப் போயிட்டாவ."

பன்னிரண்டுக்குப் பதினைந்து போதும் என்றாள். பின்னணியை வெறும் நீலமாக்கிக் கொடுத்தார். நிழல் விழ அதில் தரையே இல்லை.

இப்போதும் அவர் கடைக்குச் சேர்ப்பு வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள். உட்காரும் முன்பே, "ஆளு இருக்காவளா, இல்லையா?" என்று கேட்டு, பதிலை ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையின் மூலையில் ஒட்டிக்கொள்கிறார். தன் கதை எதையும் சொல்வதில்லை. பழுப்புக் காகிதப் பொதி பிரேம் சட்டங்களுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. செல்லக்கிளி வாரம் ஒரு தடவை அதன் மேல் படிந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள்.